வேலை, வீடு, டென்ஷன்: திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள்

நான் மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பவள், மருத்துவர் இல்லை. ஆனால் ஆபீஸில் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுக்க வருகிறவர், கோயிலில் பக்கத்தில் உட்கார்கிறவர், குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து ராத்திரி தனியாகச் செய்தி அனுப்புகிறவர் என்று எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் யார் கேட்டாலும் இதையே அனுப்பிவிடலாம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். சட்டம், விதி என்று சொல்வதெல்லாம் சிங்கப்பூருக்கு மட்டும்.

எல்லாருக்கும்தான் டென்ஷன் இருக்கு. நம்ம அம்மா அப்பா பார்க்காத கஷ்டமா? இதுக்குப் போய் இவ்வளவு பேசணுமா அக்கா?

அவர்கள் பட்டது பெரிய கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுக்காமலா இருந்தார்கள்? வீட்டுக்கு வந்தால் வாயே திறக்காத அப்பாக்கள், எப்போது பார்த்தாலும் தலைவலித் தைலத்தோடு இருந்த அம்மாக்கள்... 'அவர் சுபாவம் அப்படி' என்று சொல்லிக் கடந்துவிட்டோம், அவ்வளவுதான்.

உடம்பில் நடப்பது இது: ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின், அப்புறம் கார்ட்டிசோல் சுரக்கிறது, இதயம் வேகமாகிறது, ஜீரணம் மெதுவாகிறது, தசைகள் இறுகுகின்றன. கொஞ்ச நேரத்துக்கு என்றால் நல்லதுதான், இது இல்லாவிட்டால் பரீட்சைக்கு யார் படிப்பார்கள்? நாள் முழுக்க அடங்காமல் இருந்தால்தான் சிக்கல். மேலதிகாரியின் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் பல பதில்கள் இதில்தான் போய் நிற்கும். டென்ஷன் குறைய வழி கேட்டு வருகிற பலருக்கு மனசுக்கான பயிற்சி முதல் தேவை இல்லை. யாரிடமோ பேசித் தீர்க்காமல் தள்ளிப்போட்ட ஒரு விஷயம் இருக்கும், அல்லது இன்னொருவர் கைக்கு மாற்ற வேண்டிய ஒரு வேலை இருக்கும். அதைத் தொடாமல் எத்தனை யோகா வகுப்புக்குப் போனாலும் திங்கட்கிழமை காலை பழையபடிதான் இருக்கும்.

சாதாரண டென்ஷனா, டாக்டரைப் பார்க்கிற அளவா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

காரணம் போனதும் அதுவும் போகிறதா என்று பாருங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும்போது தூக்கம் கெட்டு, அடுத்த வாரம் சரியாகிவிட்டால் சாதாரணம். விடுமுறை எடுத்து ஊருக்குப் போய் வந்தும் எதிலும் மனசு ஒட்டவில்லை, பிடித்த சாப்பாடுகூட இறங்கவில்லை, காலையில் எழுந்திருக்கவே வெறுப்பாக இருக்கிறது என்று இரண்டு வாரமாக, கிட்டத்தட்ட எல்லா நாளும் போனால் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரம் என்பது மனச்சோர்வு நோயைக் கணிக்க மருத்துவர்களே வைத்திருக்கும் அளவு.

நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குவது இதையெல்லாம் 'டென்ஷன்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இந்தியர்களுக்கு இதயநோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு அதிகம், முதலில் அதைச் சோதியுங்கள். தைராய்டுக் கோளாறும் ரத்தசோகையும்கூட டென்ஷன் மாதிரியே காட்டும். திடீரென்று நெஞ்சு இறுகி வலித்தால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995.

மூச்சுப் பயிற்சி செய்ங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவே வேலை செய்யுமா, இல்ல சும்மாவா?

செய்யும், ஆனால் எதற்கு என்று தெரிந்து செய்ய வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது குறையும். அதனால் விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும்: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள், மூன்று நான்கு நிமிடம் போதும். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

இது அந்த நேரத்துப் படபடப்பை இறக்கும், அவ்வளவுதான். மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிற ஆபீஸில் மூச்சுப் பயிற்சி அந்த மூன்றை இரண்டாக்காது. 'எங்கள் ஊழியர் நலத் திட்டம்' என்று மத்தியானம் ஒரு தியான வகுப்பு வைத்துவிட்டு அன்றைக்கே ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் போடும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குச் சிரிப்புதான் வரும்.

உடற்பயிற்சிக்கு எங்கே நேரம்? காலைல ஆறு மணிக்குக் கிளம்பினா ராத்திரி எட்டுக்குத்தான் வீடு.

ஜிம் எல்லாம் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலசைவு போதும் என்கிறார்கள், வேகமாக நடப்பதும் அதில் சேர்த்திதான். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடங்கள், அல்லது சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி வாருங்கள், பக்கத்தில் பூங்கா இணைப்புப் பாதை இருந்தால் இன்னும் நல்லது. ஆள் சேர்த்துக்கொண்டு நடந்தால் பேச்சும் நடக்கும், அது இரட்டை லாபம்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேலதான் எனக்குன்னு நேரமே கிடைக்குது. அதுல போன் பார்க்கிறேன். அதுவும் தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் தூங்கிய பிறகு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் ஒரு நாளில் யாரும் எதையும் கேட்காத நேரம். அதைப் பிடுங்கிவிட்டு 'சீக்கிரம் தூங்கு' என்றால் யார் கேட்பார்கள்? அந்த நேரம் வேண்டும், ஆனால் தூக்கத்திலிருந்து எடுக்காமல் வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை பிள்ளைகளை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள, நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் (எப்படிக் கேட்பது என்பது கீழே வருகிறது).

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். சாயங்காலம் நாலரை மணிக்குக் குடிக்கும் தே தாரிக்கில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்து மங்கின வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பப் போங்கள். எழுந்திருக்கும் நேரத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாதீர்கள்.

வேலை முடிஞ்ச பிறகும் பாஸ் வாட்ஸப் அனுப்பிக்கிட்டே இருக்கார். பதில் போடலைன்னா பிரச்சினை வருமா?

வேலை நேரம் முடிந்ததும் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை என்று சில நாடுகளில் சட்டம் இருக்கிறது, இங்கே இல்லை. ஆனால் 2020 நவம்பரில் மனிதவள அமைச்சும் தொழிற்சங்கமும் முதலாளிகள் தரப்பும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பில், வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்புக்கு நிறுவனங்கள் ஒரு கொள்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். நாங்களே மறந்து அலமாரியில் வைத்திருப்போம், கேட்டால்தான் எடுப்போம்.

பாஸிடம் பேசும்போது 'எனக்கு டென்ஷனாக இருக்கிறது' என்று ஆரம்பிக்காதீர்கள். 'எட்டு மணிக்கு மேல் வரும் செய்தியில் எது அவசரம், எது காலையில் பார்த்தால் போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவசரம் என்றால் கூப்பிடுங்கள், உடனே எடுக்கிறேன்' என்று கேளுங்கள். பாதிப் பேர் மறந்துவிடக் கூடாது என்று தங்கள் வசதிக்குத்தான் அனுப்பி வைக்கிறார்கள், உடனே பதில் வேண்டும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. மிச்சப் பாதி எதிர்பார்க்கிறவர்கள், அவர்களும் கூப்பிட யோசிப்பார்கள்.

வீட்டுலேர்ந்து வேலை பார்க்க, இல்ல நேரத்தை மாத்திக் கேட்டா பேர் கெட்டுப் போயிடுமா?

2024 டிசம்பர் 1 முதல் இதற்கு முத்தரப்பு வழிகாட்டி இருக்கிறது. சோதனைக் காலம் முடிந்த எந்த ஊழியரும் முறைப்படி எழுத்தில் கேட்கலாம்: இடத்தை மாற்ற, நேரத்தை மாற்ற, அல்லது வேலை அளவைக் குறைக்க. நிறுவனம் 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் வியாபார ரீதியான நியாயமான காரணம் சொல்ல வேண்டும். 'எங்களுக்குப் பழக்கமில்லை' என்பது காரணம் ஆகாது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள், கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது, அவ்வளவுதான்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு யோசனை. 'வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து' என்று மொத்தமாகக் கேட்காமல், 'செவ்வாய், வியாழன் மட்டும் ஏழரைக்கு வந்து நாலரைக்குக் கிளம்புகிறேன், மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்' என்று கேட்டவர்களுக்குச் சீக்கிரம் ஒப்புதல் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். தேதி போட்ட சின்ன வேண்டுகோளை மறுப்பது மேலாளருக்குக் கஷ்டம்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன். அப்புறம் அழுகை வருது.

ஆபீஸில் அடக்கியதை எல்லாம் பயமில்லாத இடத்தில் கொட்டுகிறோம், பாவம் பிள்ளைகள் அந்த இடமாகிவிடுகிறார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும். புளோக் கீழே கல் நாற்காலியில் பத்து நிமிடம் போனை எடுக்காமல் உட்கார்ந்துவிட்டு மேலே போங்கள், மேலே சொன்ன மூச்சையும் அங்கேயே செய்யலாம். போனதும் முதலில் குளியல், சாப்பாடு, அதற்குப் பிறகுதான் வீட்டுப்பாடம். பசியோடு கணக்கு சொல்லிக்கொடுத்தால் சண்டை நிச்சயம்.

கத்திவிட்டால் அன்றைக்கே 'அம்மா கோபப்பட்டது உன்னால இல்ல' என்று சொல்லிவிடுங்கள். அடிப்பது, மிரட்டுவது என்று அது வளர்ந்துகொண்டே போவதாகத் தெரிந்தால் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். இந்தியச் சமூகத்துக்கான சுய உதவி அமைப்பான சிண்டாவிலும் குடும்பங்களுக்கு உதவி உண்டு. தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று முன்னமேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் பாத்திரம் கழுவறார், குப்பை கொட்டறார், குறை சொல்ல முடியாது. ஆனா எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு களைப்பு?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். கை செய்யும் வேலையை அவர் பகிர்ந்துகொண்டார், தலை செய்யும் வேலை முழுக்க உங்களிடமே இருக்கிறது. எண்ணெய் தீரப்போகிறது, புதன்கிழமை பள்ளிக்கு வெள்ளைச் சட்டை வேண்டும், மாமியாருக்கு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எப்போது அப்பாயிண்ட்மெண்ட், நாத்தனார் வளைகாப்புக்கு என்ன வாங்குவது என்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அவர் 'என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்' என்கிறார். சொல்வதே ஒரு வேலை என்று அவருக்குத் தெரியாது.

ஆகவே வேலையாகப் பிரிக்காமல் பொறுப்பாகப் பிரியுங்கள். பள்ளி விஷயம் முழுக்க அவருடையது என்றால் பேரன்ட்ஸ் கேட்வே செயலி அவர் போனில் இருக்கும், ஒப்புதல் கேட்டு வருவது அவருக்கு வரும், ஆசிரியர் கூப்பிடுவது அவரை. நீங்கள் நினைவுபடுத்தக் கூடாது. முதல் மாதம் ஏதாவது ஒன்று தவறும், பிள்ளை விளையாட்டுச் சட்டை இல்லாமல் போவான், வாயைக் கட்டிக்கொண்டு இருங்கள். இதுதான் கஷ்டமான பகுதி, பல வீடுகளில் திட்டம் இங்கேதான் உடைகிறது. 'நானே செஞ்சிருக்கலாம்' என்று நாம் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், அடுத்த முறை அவர் எடுக்கவே மாட்டார்.

எப்போது பேசுவது? சண்டை நடக்கும்போது வேண்டாம். சனிக்கிழமை காலை, வெளியே கோப்பிக் கடையில், பிள்ளைகள் இல்லாமல்.

அப்பாவுக்கு மறதி நோய். அண்ணன் தம்பி எல்லாம் இருக்காங்க, ஆனா பார்த்துக்கறது நான் மட்டும்தான்.

முதலில் ஏஐசி என்கிற ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பைக் கூப்பிடுங்கள், 1800 650 6060. பகல் நேரப் பராமரிப்பு நிலையம், உங்களுக்குச் சில மணி நேரம் ஓய்வு தரும் மாற்றுப் பராமரிப்பு, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். 'அப்பாவை வெளியில் விட்டுட்டா'ன்னு சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்று தயங்குகிறவர்கள் நிறைய. பேசுகிறவர்களை ஒரு ராத்திரி வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அண்ணன் தம்பியிடம் 'யாருமே உதவறதில்ல' என்று சொன்னால் எல்லாரும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முந்தின பதிலில் சொன்ன அதே வழிதான்: ஒருவருக்கு மருத்துவமனை, ஒருவருக்குப் பணம், ஒருவருக்கு ஒவ்வொரு இரண்டாவது ஞாயிறும் என்று முழுப் பொறுப்பாகக் கொடுங்கள். பணிப்பெண் இருக்கிறாரே என்று சும்மா இருக்கவும் முடியாது. 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு ஒரு ஓய்வு நாளையாவது பணமாக மாற்றாமல் அவருக்குக் கொடுத்தாக வேண்டும், ராத்திரி எல்லாம் விழித்திருக்கும் அவருக்கும் தலை சுற்றும்.

மகனுக்கு பி6. அவன் ஜாலியா இருக்கான், டென்ஷன் எனக்குத்தான்.

பி6 முடிவில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுதான் பிஎஸ்எல்இ. 2021 முதல் அதன் மதிப்பெண்ணை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவதில்லை. நான்கு பாடம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஒரு நிலை, மொத்தம் 4 முதல் 32 வரை. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் எல்லாம் ஒரே நிலைதான், அதனால் 93ஐ 97 ஆக்கத் துணைப்பாட வகுப்பு வைப்பதில் அர்த்தமே இல்லை. தமிழும் மற்ற மூன்று பாடங்களுக்குச் சமமாகத்தான் கணக்கில் வருகிறது, அதை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் கவனிக்க. 2024 முதல் உயர்நிலைப்பள்ளியில் எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளும் இல்லை, பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம்.

அவன் ஜாலியாக இருப்பது நல்ல செய்தி. பெற்றோர் வாட்ஸப் குழுவைச் சத்தமில்லாமல் வையுங்கள், உங்கள் டென்ஷனில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

டார்மிட்டரில இருக்கேன் அக்கா. மாசாமாசம் ஊர்லேர்ந்து இன்னும் பணம் அனுப்புன்னு கேக்கறாங்க. யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசினா பெர்மிட் போயிடுமா?

ஆலோசகரிடம் பேசியது முதலாளிக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால்தான் அவர்கள் வேறு யாரிடமும் சொல்வார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே 2006 முதல் ஹெல்த்சர்வ் இருக்கிறது, மருத்துவமும் ஆலோசனையும் தருகிறார்கள்.

பணத்துக்கு: சாப்பாடு, போன், அவசரத்துக்கு ஒரு தொகை எடுத்து வைத்துவிட்டு, மாதம் இவ்வளவுதான் என்று ஒரு எண்ணை ஊரில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஆளாளுக்குப் பேசினால் ஆளாளுக்கு ஒரு தொகை வளரும். ஓவர்டைம் இருக்கும் மாதம் அதிகம் அனுப்பினால் அடுத்த மாதமும் அதையே எதிர்பார்ப்பார்கள், மிச்சத்தை இங்கேயே வையுங்கள்.

சனிப் பெயர்ச்சி முடிஞ்சா சரியாயிடும்னு ஜோசியர் சொல்றார். கோயிலுக்குப் போனா போதாதா?

போங்கள், நானும் போகிறேன். அமைதி, நாலு பேர் முகம், வாராவாரம் ஒரு ஒழுங்கு எல்லாம் அங்கே கிடைக்கிறது. மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடச் சொன்னாலோ மட்டும் கேட்காதீர்கள்.

டென்ஷன்னு சொல்லித்தான் அவர் குடிக்கிறார். நான் என்ன பண்றது?

மது முதலில் அசத்தும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும், மறுநாள் படபடப்பு கூடும், அதற்கு இன்னொரு பாட்டில். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம்: மனநலக் கழகத்தில் உள்ள போதைப்பழக்கப் பிரிவின் எண் 6732 6837. அடி, மிரட்டல் இருந்தால் அது டென்ஷன் கணக்கில் வராது. அதற்கான உதவி எண் 24 மணி நேரமும் 1800 777 0000, உடனடி ஆபத்து என்றால் போலீஸுக்கு 999.

மனநல டாக்டரைப் பார்த்தா ரிக்கார்டுல ஏறிடுமே? வுட்பிரிட்ஜ் போனவன்னு பேர் வந்துடுமே?

வுட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனை புவாங்கோக்குக்கு இடம் மாறி, மனநலக் கழகம் ஆனது 1990களிலேயே. பெயர் மாறினாலும் பேச்சு மாறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேராக அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. வழக்கமாகப் போகும் குடும்ப மருத்துவர் அல்லது பலதுறை மருந்தகத்தில் ஆரம்பியுங்கள். மருந்தகத்திலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரிடம் போனால் மானியக் கட்டணம். மனச்சோர்வு நோய், பதற்ற நோய் இரண்டுக்கும் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம்.

வேலை விண்ணப்பத்தில் மனநல வரலாற்றைக் கேட்கக் கூடாது என்று 2020லேயே வழிகாட்டி வந்துவிட்டது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதற்கான தடையும் அடங்கும். தனியார் காப்புறுதி புதிதாக எடுக்கும்போது உடல்நல வரலாறு கேட்பார்கள், அது உண்மை, மறைக்காதீர்கள். மெடிஷீல்டு லைஃப் என்கிற அரசாங்க மருத்துவக் காப்புறுதி அப்படி யாரையும் ஒதுக்குவதில்லை.

தம்பி 'நான் இருந்து என்ன ஆகப்போகுது'ங்கறான். விளையாட்டாச் சொல்றானா?

விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'சாகணும்னு தோணுதாடா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. ஆமாம் என்றால் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், மாத்திரை மாதிரி ஆபத்தானவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். எஸ்ஓஎஸ் (தற்கொலைத் தடுப்பு அமைப்பு) 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகம் 6389 2222, மூன்றும் 24 மணி நேரமும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமில்லை.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. வேலையை விட்டுடலாமா?

சில வேலைகளை விட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டாவது கேள்வியில் சொன்ன அறிகுறிகள் இருந்தால் முதலில் மருத்துவர், அப்புறம் முடிவு, ஏனென்றால் அந்த நிலையில் எந்த வேலையும் மோசமாகத்தான் தெரியும். இல்லை என்றால் விலகல் கடிதத்துக்கு முன் கணக்குப் போடுங்கள். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு? எழுதியிருக்கவில்லை என்றால் வேலைச் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு 1 நாள், 2 ஆண்டுக்குள் 1 வாரம், 5 ஆண்டுக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். நிறுவனக் காப்புறுதி பொதுவாகக் கடைசி நாளோடு முடிந்துவிடும். எஸ் பாஸ், இபி என்கிற வேலை அனுமதிகளில் இருப்பவர்கள் பாஸ் ரத்தான பிறகு இங்கே தங்கப் பொதுவாக 30 நாள்தான்.

2025 ஏப்ரலில் வந்த வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு 'அதை வாங்கிக்கிறேன்' என்று கிளம்புகிறவர்களுக்கு: அது வேலையை இழந்தவர்களுக்கு. நீங்களாக விட்டால் கிடையாது.